மெய்நிகர் கணினியின் வட்டுக்குள் ஒரே ஒரு வரியை மாற்றுவது

தடைக்காலம் முடிய இரண்டு நாள் இருந்தது. பாம்பனில் இருந்து ஒரு சம்மாட்டி, அதாவது விசைப்படகு முதலாளி, போன் செய்தார். "தம்பி, கணக்குப் பெட்டி எந்திரிக்க மாட்டேங்குது. ஐஸுக்கு எவ்வளவு நிக்குது, டீசலுக்கு எவ்வளவு நிக்குதுன்னு தெரியாம நான் எப்படிப் படகை இறக்குறது?"

கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. அந்த இரண்டு மாதமும் படகுகள் கரையேறி, பலகை மாற்றி, பலகை இடுக்குகளை அடைத்துக் கலப்பத்து பார்த்து, பெயின்ட் அடித்துக்கொண்டு நிற்கும். தடை முடிகிற வாரத்தில் ஐஸ், டீசல், ஆட்களுக்கு முன்பணம் என்று சம்மாட்டி தலையில் ஆயிரம் கணக்கு ஓடும். அந்த ஆயிரத்தையும் ஒரு மெய்நிகர் கணினிக்குள் போட்டுக் கொடுத்தவன் நான். அதைப் படுக்க வைத்தவனும் நான்தான்.

படுக்க வைத்த கதை சின்னது. போன வாரம் பேக்கப் எடுப்பதற்காக ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கை அதில் மாட்டினேன். கணினி எழும்போதே அந்த டிஸ்க்கும் தானாகச் சேர்ந்துகொள்ளட்டும் என்று எஃப்எஸ்டேப் என்ற கோப்பில் ஒரு வரி எழுதினேன். லினக்ஸ் எழுகிற நேரத்தில் எந்தெந்த வட்டை எங்கெங்கே இணைப்பது என்று பார்த்துக்கொள்கிற பட்டியல் அது. 'இந்த வட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே போ' என்று சொல்ல நோஃபெயில் என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. அப்புறம் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மின்சாரம் போய் வந்தது. கணினி எழுந்தது, இல்லாத டிஸ்க்குக்காக 90 வினாடி காத்திருந்தது, பிறகு எமர்ஜென்சி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. அங்கே ரூட் என்ற, எல்லா உரிமையும் உள்ள தலைமைப் பயனரின் கடவுச்சொல்லைக் கேட்கும். நிறுவும்போது ரூட்டுக்குக் கடவுச்சொல்லே வேண்டாம் என்று விட்டிருந்தேன். அதனால் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

உள்ளே போனால்தான் அந்த வரியை அழிக்க முடியும். அந்த வரியை அழித்தால்தான் உள்ளே போக முடியும்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் கணினி எழும்போது முதலில் வரும் க்ரப் மெனுவைப் பிடித்து நிறுத்தி, அந்த வழியாக உள்ளே நுழைந்திருக்கலாம். நான் இருந்ததோ தள்ளி, உச்சிப்புளியில். கையில் இருந்தது, மெய்நிகர் கணினியைத் தாங்கும் வெளிக் கணினிக்குத் தொலைவிலிருந்து கட்டளை அனுப்பும் எஸ்எஸ்எச் இணைப்பும் கறுப்புத் திரையும்தான். அதனால் உள்ளே போகாமலே வெளியிலிருந்து கையை விட்டு அந்த வரியை மாற்றினேன். அது எப்படி முடிகிறது என்பதைத்தான், மெய்நிகர் கணினியை இப்போதுதான் தொட ஆரம்பித்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், ஒரு மீன் கணக்குக்கு மெய்நிகர் கணினி எதற்கு? உப்புக்காற்றுதான் காரணம். எங்கள் கரையில் கணினியின் தகரப் பெட்டி ஒன்றிரண்டு ஆண்டில் துருவேறும். மதர்போர்டில் பச்சை பூக்கும். இரும்பு போனால் கணக்கும் போகும் என்று இருந்தால் கட்டாது. மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள் மென்பொருளால் கட்டிய இன்னொரு கணினி. அதன் ஹார்டு டிஸ்க் உண்மையில் வெளிக் கணினியில் கிடக்கிற ஒரே ஒரு கோப்பு. பெட்டி துருப்பிடித்தால் அந்தக் கோப்பை வேறு பெட்டிக்கு நகலெடுத்து அங்கே ஓட்டலாம். உள்ளே இருக்கும் லினக்ஸுக்குப் பெட்டி மாறியதே பெரும்பாலும் தெரியாது. வெளிக் கணினியை ஹோஸ்ட் என்றும் உள்ளே இருப்பதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். இனி நானும் அப்படியே சொல்கிறேன்.

லினக்ஸ் ஹோஸ்டில் இந்த வேலையைப் பெரும்பாலும் கியூஎமு செய்கிறது. ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003-இல் வெளியிட்ட மென்பொருள். 2007-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள், செயலியின் மெய்நிகர் வசதியை நேரடியாகப் பயன்படுத்தும் கேவிஎம் சேர்ந்த பிறகு அதற்கு வேகமும் கூடியது.

வட்டு ஒரு கோப்பு என்றால், அதை எடிட்டரில் திறந்து வரியை மாற்றிவிட வேண்டியதுதானே? இந்த ஆசை எல்லாருக்கும் ஒருமுறை வரும். திறந்து பார்த்தால் கிறுக்கல்தான் தெரியும். காரணம், நமக்கு வேண்டிய கோப்பு பல உறைகளுக்குள் கிடக்கிறது. பாம்பனில் இருந்து போகும் மீன் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரிக் கதவைத் திறந்தால் பெட்டி, பெட்டி மூடியைத் திறந்தால் ஐஸ், ஐஸை விலக்கினால் மீன். இங்கேயும் அதே அடுக்குதான். வெளியே, வட்டாக நடிக்கும் அந்தக் கோப்பு; அதைப் படிமக் கோப்பு என்பார்கள். அதற்குள் ஒரு வட்டின் தோற்றம். வட்டுக்குள் பார்ட்டிஷன் என்ற பிரிவுகள். பிரிவுக்குள் ஃபைல் சிஸ்டம் என்ற கோப்பு முறைமை. கோப்பு முறைமைக்குள்தான் எட்சி என்ற அடைவும், அதில் எஃப்எஸ்டேப்பும்.

வெளி உறை இரண்டு வகையாக வரும். ரா என்பது உறையே இல்லாத உறை. வட்டின் முதல் பைட் கோப்பின் முதல் பைட், அவ்வளவுதான். எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். இன்றைய வட்டுகளில் முதல் பிரிவு பெரும்பாலும் 2048-ஆவது செக்டாரில் தொடங்கும். செக்டார் 512 பைட் என்றால் 2048-ஐ 512-ஆல் பெருக்க வேண்டும். 10,48,576 பைட் தாண்டி அந்தப் பிரிவு. எஃப்டிஸ்க் கட்டளைக்கு கழித்தல் குறியும் எல் எழுத்தும் சேர்த்துப் படிமத்தைக் கொடுத்தால் தொடங்கும் செக்டாரைச் சொல்லிவிடும். வட்டை ஓர் அடைவோடு இணைக்கும் மவுண்ட் கட்டளைக்கு ஆஃப்செட் என்று அந்த எண்ணைக் கொடுத்தால் பிரிவு திறந்துகொள்ளும். பள்ளிக்கூடப் பெருக்கல் கணக்கு ஒன்று வாழ்க்கையில் உதவிய அரிய தருணம்.

இன்னொன்று கியூகவ்2. கியூஎமுவின் சொந்த வடிவம். சம்மாட்டியின் கணக்கு இருந்தது இதில்தான். கெஸ்டுக்கு 40 ஜிபி வட்டு என்று சொல்லியிருந்தேன். ஹோஸ்டில் அது பிடித்திருந்த இடமோ 11 ஜிபி. எப்படி? முன்கூட்டியே 400 பக்கம் வாங்கி வைக்காமல், எழுத எழுதத் தாள் சேர்த்துக் கோத்துக்கொண்டே போகிற பேரேடு மாதிரி இது. வட்டின் எந்தப் பகுதியில் கெஸ்ட் முதன்முறை எழுதுகிறதோ அப்போதுதான் அந்தப் பகுதிக்கு இடம் ஒதுக்கும். ஒதுக்கும் துண்டு வழக்கமாக 64 கேபி. எந்தத் துண்டு கோப்பில் எங்கே கிடக்கிறது என்பதை இரண்டு அடுக்கு அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்ளும். பக்கங்கள் வந்த வரிசையில் கோக்கப்பட்டிருப்பதால் மேலே சொன்ன பெருக்கல் கணக்கு இங்கே செல்லாது. அட்டவணையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஃப்ஏடி32 வடிவில் இருக்கும் பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பு ஏறாது. வட்டுக் கோப்பை எடுத்துப்போகப் பலர் பென்டிரைவோடு வந்து, இது தெரியாமல் அரை மணி நேரம் நின்றிருக்கிறார்கள்.

சரி, கருவிக்கு வருவதற்கு முன் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் பாதகமில்லை, இதை மறந்தால் வட்டே போய்விடும். கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வட்டுக்குள் வெளியிலிருந்து எழுதக் கூடாது.

கடலில் ஓடுகிற படகின் அடிப்பலகையை யாரும் கழற்ற மாட்டார்கள். பலகை மாற்ற வேண்டும் என்றால் கரையேற்றித்தான் மாற்றுவார்கள். ஏன் என்பது படகில் கண்ணுக்குத் தெரிகிறது, வட்டில் தெரிவதில்லை. கெஸ்டின் கெர்னல் வட்டில் இருப்பதில் கொஞ்சத்தை எப்போதும் நினைவகத்தில் வைத்துக்கொண்டிருக்கும். எந்த இடம் காலி, எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல்கூட அங்கே இருக்கும். நாம் வெளியிலிருந்து ஒரு காலி இடத்தில் எழுதுகிறோம். அது காலி என்றுதான் கெஸ்டும் நினைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த நிமிடம் அதே இடத்தில் அதுவும் எழுதும். ஒரே கணக்குப் புத்தகத்தை இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் வைத்து எழுதினால் என்ன ஆகுமோ அதுதான். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் ஒரு நேரத்தில் ஒரே கெர்னல்தான் தங்களை ஆள்கிறது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. கெட்டுப்போவது உடனே தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு கோப்பில் வேறொரு கோப்பின் குப்பை கிடக்கும்.

வட்டில் எதையும் எழுதாத கருவியால் படித்துப் பார்ப்பது மட்டும் என்றால் ஆபத்து இல்லை. ஆனால் ஓடும் வட்டில் படிப்பது பாதி எழுதிய பக்கத்தைப் படிப்பது மாதிரி. சில நேரம் அர்த்தம் வராது, பழைய தகவலும் வரும்.

இதில் ஒரு பொறி உண்டு. நான் ஒருமுறை மயிரிழையில் தப்பினேன். கெஸ்டுகளைப் பட்டியலிட விர்ஷ் லிஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. எல்லாவற்றையும் காட்டச் சொன்னால் ஓடாதவற்றுக்கு நேரே 'ஷட் ஆஃப்' என்று போடும். ஆனால் மேனேஜ்டுசேவ் என்று ஒரு ஏற்பாடு உண்டு. கெஸ்டின் நினைவகத்தை அப்படியே கோப்பில் இறக்கி வைத்துவிட்டு நிறுத்துவது. அந்த நிலையில் இருக்கும் கெஸ்டையும் சாதாரண பட்டியல் 'ஷட் ஆஃப்' என்றுதான் காட்டும். உண்மையில் அது கரையேறிய படகு இல்லை, நங்கூரம் போட்டு நிற்கிற படகு. மறுபடி எழுப்பினால் பழைய நினைவோடு, வட்டைப் பற்றிய பழைய பட்டியலோடு எழும். அதற்குள் நீங்கள் வட்டை மாற்றியிருந்தால் மேலே சொன்ன அதே சேதம். அதனால் பட்டியல் கேட்கும்போது மேனேஜ்டு-சேவ் என்ற தேர்வையும் சேர்த்துக் கேளுங்கள். அப்போதுதான் 'சேவ்டு' என்று பிரித்துக் காட்டும். விண்டோஸ் கெஸ்டை ஹைபர்னேட்டில் விட்டுவிட்டு வட்டைத் தொடுவதும் இதே வகை.

எதிலாவது பூட்டு இருக்காதா என்று கேட்கலாம். இருக்கிறது. பாம்பன் ரயில் பாலம் மாதிரி. 1914-இல் திறந்த பழைய பாலத்திலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலும் சரி, கப்பலுக்குப் பாலம் தூக்கியிருக்கும்போது ரயில் வராது, ரயில் வரும்போது பாலம் தூக்காது. 2017-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கியூஎமுவும் அப்படி ஒரு பூட்டைப் போட்டுக்கொள்கிறது. ஓடுகிற கெஸ்டின் வட்டை இன்னொரு கியூஎமு எழுதத் திறந்தால், எழுதும் பூட்டு கிடைக்கவில்லை, வேறு யாரோ பயன்படுத்துகிறார்களா என்று மறித்துவிடும். ஆனால் இது ஒழுங்காகக் கேட்டு வருகிறவர்களுக்கு மட்டுமான பூட்டு. ரா படிமத்தை நேராக மவுண்ட் செய்தால் லினக்ஸ் இந்தப் பூட்டைப் பார்க்கவே பார்க்காது. பேசாமல் திறந்து கொடுத்துவிடும். பூட்டை நம்பி இருக்காதீர்கள், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்மாட்டியின் கெஸ்ட் எமர்ஜென்சி மோடில் நின்றாலும் அது ஓடுகிற கெஸ்டுதான். அதனால் முதலில் நிறுத்தினேன். பிறகு வட்டுக் கோப்பை ஒரு நகல் எடுத்தேன். 11 ஜிபி, பழைய ஹார்டு டிஸ்க், கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குள் சம்மாட்டி இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். அவசரம் என்றாலும் நகலைத் தாண்டிப் போகாதீர்கள். இடம் இல்லாவிட்டால் கியூஎமு-இமேஜ் கட்டளையால் மூல வட்டின் மேல் ஒரு மெல்லிய மேலுறை உருவாக்கிக்கொள்ளலாம். மாற்றங்கள் மேலுறையில் மட்டும் விழும், அடியில் இருக்கும் மூலம் அப்படியே இருக்கும். ஆனால் மேலுறை போட்ட பிறகு அடிக் கோப்பைத் தொடவே கூடாது. தொட்டால் மேலே இருப்பது பொருளற்றுப் போகும். ஏற்கெனவே ஸ்னாப்ஷாட் (வட்டின் ஒரு நேரத்து நிலை) எடுத்து அடுக்கடுக்காக வைத்திருப்பவர்கள் எந்தக் கோப்பு மேலே இருக்கிறது என்று பார்த்து அதைத்தான் திருத்த வேண்டும்.

இப்போது கருவி. லிப்கெஸ்ட்எஃப்எஸ் என்று ஒரு தொகுப்பு இருக்கிறது. ரெட் ஹாட்டில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஜோன்ஸ் 2009-இல் தொடங்கியது. அதில் விர்ட் என்று தொடங்கும் சிறு கருவிகள் நிறைய. நமக்கு வேண்டியது விர்ட்-எடிட். முதலில் விர்ட்-கேட் வைத்துக் கோப்பை வெறுமனே படித்துப் பார்த்தேன்.

விர்ட்-கேட் -ஏ கணக்கு.கியூகவ்2 /எட்சி/எஃப்எஸ்டேப்

கழித்தல் குறியோடு வரும் ஏ, எந்தப் படிமம் என்று சொல்கிறது. கடைசியில் வருவது கெஸ்டுக்குள் அந்தக் கோப்பின் முகவரி. ஹோஸ்டிலும் இதே முகவரியில் ஒரு கோப்பு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள், நாம் படிப்பது அதை அல்ல. சில நொடியில் நான் எழுதிய வரி திரையில் வந்தது. என் தப்பை அவ்வளவு பளிச்சென்று பார்த்ததில்லை. அடுத்து,

விர்ட்-எடிட் -பி .பேக் -ஏ கணக்கு.கியூகவ்2 /எட்சி/எஃப்எஸ்டேப்

பி என்பது பழைய கோப்பை .பேக் என்ற வால் சேர்த்து உள்ளேயே ஒரு பிரதியாக விட்டுவிடச் சொல்கிறது. விர்ட்-எடிட் அந்த ஒரு கோப்பை மட்டும் தற்காலிகமாக வெளியே எடுத்து, உங்கள் எடிட்டரில் திறந்து காட்டி, சேமித்து வெளியேறியதும் திரும்ப அதே இடத்தில் வைக்கும். ஒன்றும் மாற்றாமல் வெளியேறினால் ஒன்றும் செய்யாது. எடிட்டர் எது என்று சொல்லி வைக்காவிட்டால் விஐ திறக்கும். விஐ-யில் மாட்டிக்கொண்டு வெளியே வரத் தெரியாமல் தவிப்பவர்கள் எடிட்டர் என்ற சூழல் மாறியில் நானோ என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். நான் அந்த வரியின் தலையில் ஒரு ஹேஷ் குறி போட்டேன். அழிக்கவில்லை. ஹேஷ் போட்ட வரியை லினக்ஸ் கண்டுகொள்ளாது. நோஃபெயிலைச் சேர்த்திருக்கலாமே என்றால், அதைக் கெஸ்ட் எழுந்த பிறகு நிதானமாகச் செய்யலாம்.

ஒரே திருத்தத்தைப் பல கெஸ்டுகளில் செய்ய வேண்டி வந்தால் எடிட்டரே வேண்டாம். -ஈ என்று போட்டு, எதை எதுவாக மாற்ற வேண்டும் என்று பெர்ல் பாணியில் எழுதிவிட்டால் தானாக மாற்றிவிடும். கட்டளை வரியின் சுகம் இதில்தான் இருக்கிறது.

இந்தக் கட்டளை உடனே பதில் சொல்லாமல் சில நொடி யோசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நொடிகளில் என்ன நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வட்டைத் திறக்க லிப்கெஸ்ட்எஃப்எஸ் உங்கள் ஹோஸ்டின் கெர்னலைப் பயன்படுத்துவதில்லை. பின்னால் ஒரு குட்டி மெய்நிகர் கணினியைத் தட்டி எழுப்புகிறது. ஒரு சின்ன லினக்ஸ், அதற்குள் ஒரு வேலையாள் நிரல். நம் வட்டை அந்தக் குட்டிக் கணினியில் இன்னொரு டிஸ்க்காகச் சொருகுகிறது. உறையை கியூஎமு பிரிக்கிறது, பிரிவையும் கோப்பு முறைமையையும் குட்டி லினக்ஸின் கெர்னல் படிக்கிறது, வேலையாள் கோப்பை எடுத்து வெளியே நீட்டுகிறான். வேலை முடிந்ததும் குட்டிக் கணினி அணைந்துவிடுகிறது.

ஒரு வரியை மாற்ற ஒரு கணினியையே எழுப்ப வேண்டுமா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் இதில் இரண்டு நல்லது. ஹோஸ்டில் ரூட் உரிமை இல்லாமலே, கோப்பை எழுத அனுமதி இருந்தால் போதும், வேலை நடக்கும். இரண்டாவது, யாரோ கொடுத்த வட்டுக்குள் வேண்டுமென்றே கெடுத்து வைத்த கோப்பு முறைமை இருக்கலாம். அதை ஹோஸ்டின் கெர்னலே நேராகப் படித்தால், கெர்னலில் ஓட்டை இருக்கும் பட்சத்தில் ஹோஸ்டே மாட்டிக்கொள்ளும். குட்டிக் கணினிக்குள் என்றால் சாவது அதுதான்.

உபுண்டு ஹோஸ்ட் வைத்திருப்பவர்கள் முதல் முறை ஓட்டும்போது தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பூட் அடைவில் இருக்கும் கெர்னல் கோப்பை உபுண்டு சாதாரணப் பயனருக்குப் படிக்கக் கொடுப்பதில்லை. குட்டிக் கணினிக்கு வேண்டியதே அந்தக் கெர்னல்தான். அதனால் ரூட் தேவையில்லை என்று இப்போதுதான் பெருமையாகச் சொன்ன கருவி, உபுண்டுவில் ரூட் உரிமை தரும் சூடோ போட்டால்தான் நகரும். எதுவுமே ஓடவில்லை என்றால் லிப்கெஸ்ட்எஃப்எஸ்-டெஸ்ட்-டூல் என்று தட்டுங்கள். எங்கே முட்டுகிறது என்று நீளமாகச் சொல்லும்.

ஒரு கோப்பு மட்டும் என்றால் விர்ட்-எடிட் போதும். நாலு இடத்தில் கை வைக்க வேண்டும், எது எங்கே இருக்கிறது என்று தேடவும் வேண்டும் என்றால் கெஸ்ட்ஃபிஷ் வசதி. பெயரில் மீன் இருப்பதால் எங்கள் ஊர்ப் பையன்களுக்கு உடனே பிடித்துவிடும். கெஸ்ட் ஃபைல் சிஸ்டம் ஷெல் என்பதைச் சுருக்கியதில் வந்த மீன் அது. உள்ளே போனால் கட்டளைக்காகக் காத்திருக்கும் குறியும் ><எஃப்எஸ்> என்று, வாலும் உடலுமாக ஒரு மீன் படுத்திருக்கிற மாதிரிதான் இருக்கும். -ஏ போட்டுப் படிமத்தையும் -ஐ போட்டு 'நீயே பார்த்து மவுண்ட் செய்துகொள்' என்ற உத்தரவையும் கொடுத்தால், உள்ளே எந்த இயங்குதளம், எந்தப் பிரிவு எங்கே என்று தானே கண்டுபிடித்துத் திறந்து கொடுக்கும். பிறகு எல்எஸ், கேட், விஐ, காப்பி-இன், காப்பி-அவுட் என்று பழகின பெயர்கள்தான். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் --ஆர்ஓ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போது எது எழுதப்பட்டாலும் அது ஒரு தற்காலிக மேலுறையில்தான் விழும், மூல வட்டுக்குப் போகாது. மின்சாரம் போய் அரைகுறையாக அணைந்த வட்டுக்கு இது முக்கியம். சாதாரணமாக மவுண்ட் செய்தால், படிக்க மட்டும் என்று சொன்னாலும், எக்ஸ்ட்4 தன் ஜர்னல் என்ற மாற்றக் குறிப்பேட்டில் பாக்கி இருப்பதை வட்டில் எழுதி முடிக்கப் பார்க்கும்.

இதெல்லாம் நிறுவ முடியாத இடத்தில் கியூஎமு-என்பிடி என்ற பழைய வழி இருக்கிறது. என்பிடி என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றி, படிமத்தை என்பிடி0 என்ற போலி வட்டோடு இணைத்தால், ஹோஸ்டில் புதிதாக ஒரு ஹார்டு டிஸ்க் சொருகிய மாதிரி பிரிவுகள் தெரியும். எது வேண்டுமோ அதை மவுண்ட் செய்து, எந்த எடிட்டராலும் திருத்தலாம். வேகமும் அதிகம். ஆனால் ரூட் உரிமை வேண்டும், படிப்பது ஹோஸ்டின் கெர்னலே, முடிந்ததும் அன்மவுண்ட் செய்து இணைப்பைத் துண்டிக்க நீங்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். துண்டிக்காமல் கெஸ்டை எழுப்பப் போய்ப் பூட்டில் முட்டிக்கொள்வது வழக்கமாக நடப்பது. கெஸ்டில், வட்டு இடத்தை வால்யூம் குழுக்களாகச் சேர்த்து ஆளும் எல்விஎம் இருந்தால் இன்னொரு தலைவலி. ஹோஸ்டும் கெஸ்டும் ஒரே நிறுவியால் உருவானவை என்றால் இரண்டின் வால்யூம் குழுவுக்கும் ஒரே பெயர் இருக்கும். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்ட கதைதான், ஹோஸ்ட் குழம்பிப்போகும். வேறு வழி இருக்கும்வரை நான் இந்த வழிக்குப் போவதில்லை.

விண்டோஸ் கெஸ்டிலும் சாதாரண உரைக் கோப்புகளை விர்ட்-எடிட்டால் திருத்தலாம். ரெஜிஸ்ட்ரிக்குத் தனிக் கருவி உண்டு, அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ஃபெடோரா வகைக் கெஸ்டுகளில் செலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவல் இருப்பதால், வெளியிலிருந்து புதிதாக ஒரு கோப்பை உள்ளே வைத்தால் அதற்குரிய முத்திரை இல்லாமல் போய்விடும், கெஸ்ட் அதைத் தொட மறுக்கும். விர்ட்-கஸ்டமைஸ் கருவியில் செலினக்ஸ்-ரீலேபல் என்று சேர்த்தால் எல்லாவற்றுக்கும் முத்திரை புதுப்பித்துவிடும்.

அந்த விர்ட்-கஸ்டமைஸால் இன்னும் பெரிய வேலைகளும் நடக்கும். எழுப்பாமலே கெஸ்டின் பெயரை மாற்றலாம், மென்பொருள் நிறுவலாம், எஸ்எஸ்எச் சாவியை உள்ளே வைக்கலாம். ரூட் கடவுச்சொல்லையும் ஒரே வரியில் மாற்றலாம். இணையத்தில் இறக்கும் கிளவுட் படிமங்கள் பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாமல்தான் வரும். வீட்டில் வைத்துப் பழக நினைப்பவர்களுக்கு உள்ளே நுழைய இதுதான் சுலபமான வாசல்.

பாம்பனுக்குத் திரும்புவோம். சேமித்து வெளியே வந்ததும் கியூஎமு-இமேஜ் செக் என்று ஒரு பரிசோதனை செய்தேன். உறையின் அட்டவணைகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று மட்டும் அது பார்க்கும், உள்ளே இருக்கும் கோப்பு முறைமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிழை இல்லை என்றது. கெஸ்டை எழுப்பினேன். 90 வினாடி நிற்கவில்லை, நேராக எழுந்தது. சம்மாட்டிக்குப் போன் செய்து கணக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தார், ஐஸ் பாக்கியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. தொகை அப்படி.

அப்புறம் கேட்டார்: "தம்பி, நீ எங்கிட்ட பாஸ்வேர்டே கேக்கலையே. எப்படி உள்ள போன?"

உள்ளே போகவில்லை அண்ணே, வெளியிலிருந்தே திறந்தேன் என்று மேலே எழுதியதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கடவுச்சொல்லைக் கேட்பது ஓடுகிற கெஸ்ட். ஓடாத வட்டு யாரையும் எதையும் கேட்காது. கெஸ்டை நிறுவும்போதே முழு வட்டையும் லக்ஸ் முறையில் குறியாக்கம் செய்திருந்தால், அந்தச் சாவி இல்லாமல் இந்தக் கருவிகளால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கேட்டுக் கேட்டு நிற்கும். நாங்கள் அதைச் செய்யவில்லை. மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பெட்டி முன்னால் உட்கார்ந்து சாவியைத் தட்ட ஷெட்டில் ஆள் இல்லை என்பதால் விட்டிருந்தோம்.

"அப்ப அந்தக் கோப்பு யார் கையில இருந்தாலும் எங்கணக்கைப் பாத்துரலாம்?"

"பார்க்கலாம் அண்ணே. மாத்தவும் செய்யலாம்."

மறுமுனையில் ஏதோ இரும்பு நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. போன வருஷம் பத்திரத்துக்காக ஒரு நகல் எடுத்து 64 ஜிபி பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தேன். அதைத் தங்கச்சிமடத்தில் இருக்கும் மச்சானிடம் கொடுத்து வைத்திருந்தாராம். போனை வைக்காமலே பைக் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.